சமுர்த்தியை நிறுத்தி அஸ்வெசும கொண்டுவந்தது சரியா? காசு கொடுத்தால் சனம் சோம்பேறியாகாதா?

சமுர்த்தி என்பது இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த பழைய நிவாரணம், அஸ்வெசும அதன் இடத்துக்கு வந்த காசு உதவி. இந்தக் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. நீங்கள் மாதச் சம்பளத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். வரியை வெட்டி யாருக்கோ கொடுக்கிறார்கள் என்ற கோபமும் இருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு விளங்கும், நானும் சம்பளக்காரிதான். ஆனால் சமுர்த்தி முத்திரைக்குக் கிடைத்த அரிசியில் வளர்ந்த எனக்கு, சோம்பேறி என்ற பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. அம்மா சமுர்த்தி முத்திரையைக் கொண்டுபோய் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) அரிசி, பருப்பு எடுப்பார். முத்திரை கிடைக்கிறது என்று ஒருநாளும் அவர் வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகாமல் இருந்ததில்லை. புல்லுப் பிடுங்குவார், வெட்டுக் காலத்தில் விடியுமுன்னே கிளம்பிவிடுவார். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த பிறகு முத்திரையை நிறுத்தினார்கள். அம்மா யாரிடமும் போய் மன்றாடவில்லை. "இனி நமக்கென்னத்துக்கு, இல்லாத ஆக்களுக்குக் குடுக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். நிவாரணம் வாங்குகிறவர்கள் அதை விடவே மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் எங்கள் அம்மாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். என்னைச் சமுர்த்தியின் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1989இல் ஜனசவிய என்ற நிவாரணத் திட்டம் வந்தது, 1995இல் அதன் இடத்துக்குச் சமுர்த்தி வந்தது. பட்டியலில் பேர் ஏற யாரைத் தெரியும் என்பது ஒரு கேள்வியாக இருந்ததை எங்கள் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மாடி வீட்டுக்கு முத்திரை போனது, கொட்டில் வீட்டுக்குப் போகவில்லை. மாற்றம் வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். நலன்புரி நன்மைகள் சட்டம் 2002இலேயே நிறைவேறிவிட்டது. அதைத் தூசி தட்டி எடுத்து நடைமுறைப்படுத்த, நாடு வங்குரோத்தாகி சர்வதேச நாணய நிதியம் வரவேண்டியிருந்தது. 2022இல் நாட்டில் கால்வாசிப் பேர் வறுமையில் இருந்ததாக உலக வங்கி கணக்கிட்டது. அடுத்த வருடம் ஜூலையில் அஸ்வெசும தொடங்கியது.

அதன் தொடக்கக் கணக்கு இப்படி: கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகள். அதில் வரும் புள்ளியை வைத்து நான்கு வகுப்பு. மிகவும் வறிய 4 இலட்சம் குடும்பங்களுக்கு மாதம் 15,000 ரூபா, வறிய 8 இலட்சத்துக்கு 8,500. பாதிக்கப்படக்கூடிய 4 இலட்சத்துக்கு 5,000, இடைமாறும் நிலையிலுள்ள 4 இலட்சத்துக்கு 2,500. கடைசி இரண்டும் குறுகிய காலத்துக்குத்தான் என்று முதலில் சொன்னார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து மேல் இரண்டும் 17,500, 10,000 ஆகின. சமுர்த்தியில் சில ஆயிரமே வாங்கியவர்களுக்கு இது பெரிய தொகை. யார் ஆள் என்று பார்க்காமல் கணினி பார்ப்பதும் நல்லதுதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்தக் கணினி எங்கள் பெரியம்மாவின் வளவில் (வீட்டுக் காணியில்) எதைப் பார்த்தது என்று சொல்கிறேன்.

2007இல் படுவான்கரையில் சண்டை நடந்தபோது எல்லோருமாக இடம்பெயர்ந்து வாவியைக் கடந்தோம். திரும்பி வந்தபோது பெரியம்மாவின் வீடு இல்லை. பெரியப்பா அதற்கு முன்பே இறந்துபோய்விட்டார். பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்து, கல் வீடு ஒன்று எழும்பியது. அந்த வீட்டையும் தன் மகளுக்கு, என் தங்கச்சி முறையானவளுக்கு, கலியாணம் பேசியபோது அவள் பேருக்கு எழுதிவிட்டார். எங்கள் மாவட்டத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான், தாய் பின்வளவில் ஒரு பத்தி (சாய்ப்புக் கொட்டில்) இறக்கிக்கொண்டு ஒதுங்குவார். பெரியம்மாவும் தகரப் பத்தியில் வேறாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். அறுவடை மெசின் வந்த பிறகு வெட்டு வேலை இல்லை. ஒரு நிறுவனம் வாழ்வாதார உதவி என்று அவருக்கு ஒரு பிரிட்ஜ் கொடுத்தது. ஐஸ்பக்கட் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிறார், விடியற்காலையில் இடியப்பமும் அவித்துக் கொடுக்கிறார். பின்னேரத்தில் பன்பாய் இழைக்கிறார். இவரைத்தான் சோம்பேறி என்கிறீர்களா?

கணக்கெடுக்க வந்த தம்பி மரியாதையான பிள்ளை. அவர் கேட்டதெல்லாம் படிவத்தில் உள்ளதுதான். சுவர் என்ன, கூரை என்ன, மின்சாரம் எத்தனை யூனிட், என்னென்ன சாமான். வளவுக்கு ஒரே மீட்டர். மகள் வீட்டு பல்பு, மருமகன் கேட்டு வாங்கிய மின்விசிறி, பெரியம்மாவின் பிரிட்ஜ் எல்லாம் ஒரே பில்லில் ஓடுகின்றன. இரண்டு அடுப்பு எரிவதைச் சொன்னோம். ஆனாலும் ஒரு வீடு, ஒரு குடும்பம் என்றே பதிவானது. 2023 ஜூனில் பட்டியல் ஒட்டியபோது பெரியம்மாவின் பேர் எங்கும் இல்லை.

வீடு உதவியாகக் கிடைத்தது. பிரிட்ஜும் உதவியாகக் கிடைத்தது. ஏழை என்று பார்த்துக் கொடுத்த இரண்டும், இவர் ஏழை இல்லை என்பதற்குச் சான்றாகிவிட்டன. சுனாமி வீடு, யுத்த வீடு, சுயதொழில் சாமான் இல்லாத கிராமம் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எங்கே இருக்கிறது? மாதம் கையில் என்ன வருகிறது என்பதைக் கூரை சொல்லாது.

மேல்முறையீட்டுக்கு ஜூலை 10 வரை நேரம் கொடுத்தார்கள். நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்குக் கிட்ட மேல்முறையீடு வந்தது. தெரிவில் எவ்வளவு பிழை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? பெரியம்மாவுக்கு நான் படிவம் நிரப்பினேன். அலுவலகத்தில் இருந்தவர் "கணினி தெரிவு செய்தது டீச்சர், எங்கட கையில ஒண்டுமில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரையும் நாள் முழுக்கச் சனம் ஏசுகிறது. ஆனால் சமுர்த்தியில் பிழை நடந்தால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று தெரியும். இதில் அது தெரியவில்லை. மாதங்கள் கழித்து 5,000 ரூபா வகுப்பில் சேர்த்தார்கள். வேறாகச் சமைக்கும் கைம்பெண்ணுக்கு அது சரியான வகுப்பு என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"தகுதியில்லாத ஆட்களும்தான் வாங்குகிறார்கள்" என்று கீழே எழுத வருவீர்கள். வாங்குகிறார்கள், எனக்கும் தெரியும். அவர்களை எடுங்கள். அதற்காகப் பெரியம்மாவைப் போல நடுவில் நிற்கிறவர்களை விழுத்தாதீர்கள்.



கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனைச் சொல்லாவிட்டாலும் பதில் முழுமையாகாது. சமுர்த்தியில் ஐந்து பேர் குழுவாகி ஒருவருக்கொருவர் பிணை நின்று சின்னக் கடன் எடுக்கலாம், பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் ஒரு தொகை வரும். நிவாரணம் நின்றுபோன வீட்டில் வருத்தம் துன்பம் வந்தால் அடுத்து வாசலுக்கு வருவது கிழமைக் கட்டுப்பணக்காரர்தான். எங்கள் மாவட்டப் பெண்கள் அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது.

ஆக, மாற்றியது சரி, அளந்த விதம் பிழை என்பது என் பதில். உதவியாகக் கிடைத்த வீட்டையும் தொழில் சாமானையும் சொத்தாக எண்ணக்கூடாது. ஒரு வளவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பமாகப் பதிய வேண்டும். பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வாசித்து, சனம் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது அக்கா வேலைக்கு வருவாரென்றால், அடுத்த பதிவு வரும்போது அவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். வீடு யார் பேரில், மீட்டர் யார் பேரில், அடுப்பு எத்தனை என்று முதலில் கேளுங்கள். உதவியாகக் கிடைத்த சாமானுக்குக் கொடுத்தவர்களிடம் ஒரு கடிதம் எடுத்து மேல்முறையீட்டோடு இணையுங்கள். பெரியம்மாவுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.