வைரஸ் நுழைந்த செல்லுக்குள் கைனேஸ் என்னதான் செய்கிறது?

ஆன்டிபாடி உருவாகப் பல நாட்கள் ஆகும் என்றால், அதுவரை வைரஸை எது தடுக்கிறது, அதில் கைனேஸுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொற்றிய செல்லேதான் தடுக்கிறது. முனைவர் பட்டத்துக்காக டிபிகே1 என்ற ஒரே கைனேஸோடு ஐந்தாண்டு மல்லுக்கட்டியவன் நான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி இன்னொரு புரதத்தில் மாட்டிவிடும் நொதிதான் கைனேஸ். மாட்டியதும் அந்தப் புரதத்தின் போக்கே மாறிவிடும். ஆட்கள் எல்லாம் செல்லுக்குள் முன்பே தயாராக இருப்பதால் இதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

இன்ஃப்ளுயன்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆர்என்ஏ முனையில் மூன்று பாஸ்பேட்டுகள் திறந்தபடி நிற்கும். புரதம் செய்யச் செல் பயன்படுத்தும் நம் எம்ஆர்என்ஏவின் முனையிலோ ஒரு மூடி இருக்கும். இந்த வேறுபாட்டை ரிக்-ஐ என்ற புரதம் பிடித்துக்கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மாவ்ஸ் புரதத்துக்குச் சேதி சொல்லும். அங்கே விழித்துக்கொள்ளும் டிபிகே1, ஐஆர்எஃப்3 என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஏற்றும். ஐஆர்எஃப்3 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தின் மரபணுவை இயக்கிவிடும்.

ஐஆர்எஃப்3 மேல் ஏறிய அந்த பாஸ்பேட்டை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஒரு மெல்லிய தாளில் ஏற்றி, ஆன்டிபாடியால் கோடாகக் காட்டும் சோதனை) பார்க்க எனக்குப் பல மாதம் ஆனது. ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க அந்தத் தாளை, அதாவது மெம்பிரேனை, பால்பவுடர் கரைசலில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். பாலிலுள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடி அதிலும் ஒட்டிக்கொள்ள, பின்னணி முழுக்கக் கறுத்துவிடும். பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டு ரத்தப் புரதத்துக்கு மாறிய பிறகுதான், வைரஸ் கொடுத்த செல்களில் மட்டும் அந்தக் கோடு பளிச்சென்று வந்தது. அந்தப் படத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

வெளியே போகும் இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. அங்கே ஜாக்1, டைக்2 என்ற கைனேஸ்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்குகின்றன. அப்படிப் பெருகுவதில் ஒன்று பிகேஆர், அதுவும் கைனேஸ்தான். இரட்டை இழை ஆர்என்ஏவைக் கண்டால் புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2-ஆல்ஃபாவில் பாஸ்பேட் ஏற்றி, செல்லின் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். புரதம் செய்யும் ரைபோசோம் சொந்தமாக இல்லாத வைரஸுக்கு இது பேரிடி. வைரஸும் சும்மா இருப்பதில்லை: பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்ஸினியா வைரஸ், இஐஎஃப்2-ஆல்ஃபாவைப் போலவே தோற்றமுள்ள கே3 என்ற போலிப் புரதத்தைச் செய்து பிகேஆரை ஏமாற்றுகிறது.

டிபிகே1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதான குழந்தைகளைப் பற்றி 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலோருக்கு உதட்டில் கொப்புளத்தோடு போய்விடும் ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ், அவர்களுக்கு மூளைக்காய்ச்சலாக வந்திருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து டிபிகே1 எனக்கு வெறும் கோடாகத் தெரிவதில்லை.