கண்மாய் மீனில் சத்து இல்லையா?

கேள்வி: நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண். மண்டபத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கணவர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் மீன் விலை கட்டுப்படியாகாமல், கண்மாய் மீன் வாங்கிச் சமைத்தேன். "சேத்து மீனுல என்ன சத்து இருக்கு? பிள்ளைக்குக் குடுக்காத" என்கிறார் அத்தை. மகளுக்கு 5 வயது. என்ன செய்யட்டும்?
- வாசகி, மண்டபம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள் தாயி. கெண்டையோ விராலோ, 100 கிராம் சதையில் 16 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. கடல் மீனிலும் ஏறக்குறைய அதே அளவுதான். பி12 வைட்டமினும் இரண்டிலும் உண்டு. சேற்று வாடைக்கும் சத்துக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரில் வளரும் பாசியும் நுண்ணுயிரும் உண்டாக்கும் வாடை அது. புளியில் ஊறினால் அடங்கிவிடும்.

நீங்கள் பிறந்த ஊரில் அயிரை என்ற பொடி மீனை அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு துள்ளுவதைத் தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, சொரசொரப்பான மண்சட்டியில் கல் உப்புப் போட்டு, நுரை போகும் வரை உரசுவார்கள். அப்புறம் தலையும் முள்ளுமாக முழுசாகக் குழம்பில் போடுவார்கள். சத்தின் சூட்சுமம் அந்த "முழுசாக" என்பதில்தான் இருக்கிறது. மீனின் சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் முள்ளில்தான் இருக்கிறது. பெரிய மீனில் முள்ளை எடுத்துப் போட்டுவிடுகிறோம். சதையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். முள்ளோடு தின்னும் பொடி மீனில் 100 கிராமுக்குச் சில நூறு மில்லிகிராம் கிடைக்கும். பாலில் இருப்பதைப் போலவே இதையும் உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும். இரும்பும் துத்தநாகமும் கூடவே வரும். அன்றைக்கு முருங்கைக்கீரையும் வையுங்கள், கீரையின் இரும்பு உடம்பில் சேர மீன் கைகொடுக்கும். அத்தைக்கும் ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுங்கள். அந்த வயதில் எலும்புக்கு இது மிகவும் வேண்டும்.

அத்தையின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்மாய் மீனில் அயோடின் குறைவு. கடல் மீனான சாளையில் (மத்தி) இருக்கும் ஒமேகா 3 கொழுப்பும் அந்த அளவுக்கு இதில் கிடையாது. அயோடினுக்கு வழி உப்புதான். உங்கள் பக்கம் உப்பளத்துக் கல் உப்பை அப்படியே சமையலுக்கு எடுக்கும் வீடுகள் உண்டு. கடல் உப்புதானே, அயோடின் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இயற்கையாக அதில் மிகக் குறைவு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். வளரும் பிள்ளை இருக்கும் வீட்டில் அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள். மூடி வைத்து, குழம்பை இறக்கும் நேரத்தில் போடுங்கள். கல் உப்பு மீன் உரசுவதற்கு இருக்கட்டும்.

கெண்டை, கட்லாவில் சதைக்குள் கிளைமுள் ஒளிந்திருக்கும். 5 வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். முள் குறைந்த விராலை உதிர்த்துக் கொடுங்கள், அல்லது முள் மசியும்படி வெந்த அயிரையைக் கொடுங்கள். எந்த மீனானாலும் அரைவேக்காடு கூடாது. சாக்கடை கலக்கும் குளத்து மீன் என்று தெரிந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடை 61 நாள்தான். ஜூன் 14 கழிந்து படகுகள் கடலுக்குப் போனதும் வாரம் இரண்டு நாள் சாளை வாங்குங்கள். அப்போதும் அயிரை கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.