வரிசையைக் கலைச்சுப் பாருங்க

அன்புள்ள சார்,

நான் எம்எஸ்சி இயற்பியல் கடைசி வருஷம் படிக்கிறேன். புள்ளியியல் இயக்கவியல் பேப்பருக்காக, தற்செயல் எண்ணை வெச்சு நிறைய பாதை ஓட்டிப் பார்க்கற மான்டி கார்லோ கோடு எழுதினேன். அதையே கொஞ்சம் மாத்தி நிஃப்டி ஆப்ஷனுக்கு போட்டுப் பார்த்தேன், 10,000 பாதை ஓட்டினேன், ஆப்ஷன் விலைக்கான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் தர்ற விலையோட அப்படியே ஒத்துப்போச்சு. ஆனா இன்னிய நிஃப்டிக்கு ரொம்ப கீழே ஸ்ட்ரைக் (குறிச்ச விலை) இருக்கற புட் ஆப்ஷன், அதாவது நிஃப்டி அந்த ஸ்ட்ரைக்குக்கும் கீழே விழுந்தா வாங்கினவருக்கு காசு தர்ற ஒப்பந்தம், எல்லாம் மார்க்கெட்ல என் கோடு சொல்றதைவிட நிறைய விலைக்கு போகுது. அப்படின்னா அதை வித்து பிரீமியம் வாங்கிக்கலாம்தானே? டியூஷன் எடுத்து சேர்த்த 2 லட்சம் இருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. மூலக்கூறுக்கு பொருந்தற கணக்கு மார்க்கெட்டுக்கும் பொருந்தும்னுதான் தோணுது. உங்க கருத்து வேணும்.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்த 2 லட்சத்தை இப்போ தொடாதீங்க. ஏன்னு கீழே முழுசா எழுதறேன், நீங்க கணக்கு தெரிஞ்ச புள்ளை, கணக்காவே பேசிடலாம்.

உங்க கோடும் சூத்திரமும் ஒத்துப்போனதுல ஆச்சரியம் இல்லை, ரெண்டுக்குள்ளயும் ஒரே அனுமானம்தான் உட்கார்ந்திருக்கு, ஒவ்வொரு அடியும் முந்தின அடியோட சம்பந்தம் இல்லாததுன்னு. 10,000 பாதையை 10 லட்சம் ஆக்கினா பிழை பத்துல ஒரு பங்கா குறையும், ஆனா குறையறது நீங்க பாதை கம்மியா ஓட்டினதால வந்த பிழை மட்டும்தான். மாடலே தப்பா இருந்தா அந்த தப்பான விடையை இன்னும் ஒரு தசமம் கூடுதல் துல்லியமா சொல்லும், அவ்வளவுதான். கோடு சரியான்னு பார்த்துட்டீங்க, அனுமானம் சரியான்னு இன்னும் பார்க்கல.

அந்த அனுமானத்தை கண்ணால பார்க்கணும்னா லேப்ல ஒரு வேலை செய்யுங்க. ஒரு சொட்டு பாலை நிறைய தண்ணில கலந்து, ஸ்லைடுல வெச்சு, மேல கவர் ஸ்லிப் போட்டு 400 மடங்குல பாருங்க. கொழுப்பு உருண்டைங்க குட்டி குட்டியா நடுங்கிட்டே இருக்கும், பெரிய உருண்டை சோம்பலா அசையும், சின்னது துடிக்கும். நான் முதல் தடவை பார்த்தப்போ யாரோ மேஜையை ஆட்டறாங்கன்னு நெனச்சு மேஜையை பிடிச்சுப் பார்த்தேன். அரை மணி நேரம் கண்ணை எடுக்க முடியல. 1827ல ராபர்ட் பிரவுன் மகரந்தத்துக்குள்ள இருந்து வந்த நுண்துகள்ல பார்த்தது இதே நடுக்கம்தான். 1905ல ஐன்ஸ்டீன் இதுக்கு கணக்கு போட்டாரு, நாலு மடங்கு நேரம் காத்திருந்தா துகள் சராசரியா ரெண்டு மடங்கு தூரம்தான் போயிருக்கும்னு. அப்புறம் பாரிஸ்ல ஜான் பெரின் மரப்பிசின்லருந்து ஒரே அளவு உருண்டைங்களை பிரிச்செடுத்து, 30 விநாடிக்கு ஒருதரம் அது எங்க இருக்குன்னு புள்ளி வெச்சு வெச்சு அந்தக் கணக்கை சோதிச்சாரு, ஒரு மோல்ல எத்தனை மூலக்கூறுன்னு சொல்ற அவோகாட்ரோ எண்ணையே அதுலருந்து எடுத்தாரு. 1926ல நோபல்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, சந்தைக்குன்னு இந்தக் கணக்கை போட்டவரு ஐன்ஸ்டீனுக்கு 5 வருஷம் முன்னாடியே இருந்தாரு. லூயி பாஷெலியே, 1900ல சோர்போன்ல கொடுத்த ஆய்வேடு, கணித மேதை புவான்கரே பரிசீலிச்சது. பிரெஞ்சு அரசு கடன்பத்திர விலை எப்படி அலையுதுன்னு எழுதப்போய் வெப்பம் பரவற சமன்பாட்டுல வந்து நின்னாரு. 1973ல வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டையும் மாறிகளை மாத்தி எழுதினா அதே வெப்பச் சமன்பாடுதான். அதனால மூலக்கூறும் மார்க்கெட்டும் ஒரே கணக்குன்னு உங்களுக்கு தோணினதுல தப்பே இல்லை, எனக்கும் இந்த ஒற்றுமை இன்னிக்கும் அழகாத்தான் தெரியுது. பாஷெலியே மாடல்ல விலை சைபருக்கு கீழே போகலாம், அது குறைன்னு சொல்லி பின்னாடி வந்தவங்க லாகரிதம் எடுத்து சரி பண்ணாங்க. 2020 ஏப்ரல் 20ல அமெரிக்க கச்சா எண்ணெய் மைனஸ் 37.63 டாலருக்கு முடிஞ்சது, நம்ம ஊர் கமாடிட்டி சந்தையான எம்சிஎக்ஸ்லயே அந்த கான்ட்ராக்ட் பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய்க்கு செட்டில் ஆச்சு. ரெண்டு நாள்ல சிகாகோவோட சிஎம்இ சந்தை எண்ணெய் ஆப்ஷனுக்கு பாஷெலியே மாடலுக்கே திரும்பிடுச்சு. இத்தனை வருஷமா குறைன்னு சொன்னதுதான் அன்னிக்கு தேவைப்பட்டது.

சரி, அனுமானத்துக்கு வர்றேன். பால் உருண்டைக்கு இப்போ விழற இடிக்கும் 30 விநாடி முன்னாடி விழுந்த இடிக்கும் சம்பந்தம் இல்லை. அதனால பெரின் வெச்ச புள்ளிகளோட அடிகளை சீட்டுக்கட்டு மாதிரி கலைச்சு வேற வரிசைல அடுக்கினாலும் அது அசலா நகலான்னு யாராலயும் சொல்ல முடியாது.

இதையே நிஃப்டிக்கு செஞ்சு பாருங்க. 20 வருஷ தினசரி முடிவு விலை எடுத்து, லாக் ரிட்டர்ன் (ஒரு நாள் விலையை முந்தின நாள் விலையால வகுத்து லாகரிதம் எடுத்தது) கணக்கு போட்டு, வரிசையா ஒரு படம் வரைங்க. அப்புறம் அதே எண்களை கலைச்சுப் போட்டு அதுக்கு கீழேயே இன்னொரு படம். எண்கள் அதேதான், எந்த அளவு எத்தனை தடவை வந்ததுன்னு காட்டற ஹிஸ்டோகிராம் ஒரு துளி மாறாது. ஆனா மேல் படத்துல மாசக்கணக்கா அமைதி, திடீர்னு ஒரு கொந்தளிப்பு, 2008 ஒரு கொத்து, 2020 ஒரு கொத்து. கீழ் படத்துல எல்லாம் ஒரே சீரா இரைச்சல். நாளைக்கு ஏறுமா இறங்குமாங்கறதுக்கு இன்னிய ரிட்டர்ன் துப்பு கிட்டத்தட்ட தராது, ஆனா நாளைக்கு எவ்வளவு ஆடும்ங்கறதுக்கு கண்டிப்பா தரும். பிளஸ் மைனஸை விட்டுட்டு ரிட்டர்னோட மதிப்பளவை மட்டும் எடுத்து ஆட்டோகோரிலேஷன் (இன்னிய அளவுக்கும் அடுத்தடுத்த நாள் அளவுக்கும் எவ்வளவு தொடர்புங்கற கணக்கு) போடுங்க, வாரக்கணக்கா சைபருக்கு வராம இழுத்துட்டே போகும், கலைச்சதுல முதல் நாள்லயே செத்துடும். மார்க்கெட்டுக்கு நெனவு இருக்கு. உங்க கோடுல ஒரே ஒரு சிக்மாவை, அதாவது ஆட்டத்தோட அளவை, மாறிலின்னு போட்டிருக்கீங்கல்ல, அந்த இடத்துலதான் இந்த நெனவை வெட்டி எறிஞ்சிருக்கீங்க.

அப்புறம் வளைவோட வால் பகுதி, அதாவது அபூர்வமா வர்ற பெரிய ஏற்ற இறக்கம். 2020 மார்ச் 23 அன்னிக்கு நிஃப்டி ஒரே நாள்ல கிட்டத்தட்ட 13 சதவீதம் விழுந்தது. தினசரி சிக்மா 1.3 சதவீதம்னு போட்டா அது 10 சிக்மா. மணி வடிவ காஸ் வளைவுப்படி அப்படி ஒரு நாள் வர நாம காத்திருக்க வேண்டிய காலம், பிரபஞ்சத்தோட வயசான 1,380 கோடி வருஷத்தைவிட பல கோடி மடங்கு. கணித அறிஞர் மாண்டல்ப்ராட் 1963லயே பருத்தி விலையை வெச்சு இந்த வளைவு போதாதுன்னு எழுதிட்டாரு.

இப்போ உங்க புட் ஆப்ஷன். 1987 அக்டோபர் 19க்கு முன்னாடி அமெரிக்க இண்டெக்ஸ் ஆப்ஷன்ல எல்லா ஸ்ட்ரைக்குக்கும் கிட்டத்தட்ட ஒரே வாலட்டிலிட்டிதான் (ஆப்ஷன் விலைக்குள்ள இருக்கற சிக்மா), உங்க கோடு மாதிரியே. அந்த சமயம் பெரிய ஃபண்டுங்க போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, இதே சமன்பாட்டுலருந்து வந்த விதி, விலை இறங்கினா இவ்வளவு ஃப்யூச்சர்ஸ் (பின்தேதி ஒப்பந்தம்) விக்கணும்னு. ஒருத்தர் செஞ்சா பாதுகாப்பு. அன்னிக்கு விலை இறங்க இறங்க எல்லார் கம்ப்யூட்டரும் வில்லு வில்லுன்னு சொல்ல, வித்ததால இன்னும் இறங்க, டவ் ஜோன்ஸ் ஒரே நாள்ல 22.6 சதவீதம் போச்சு. பால் உருண்டை ஐன்ஸ்டீன் கட்டுரையை படிச்சுட்டு நடுங்கறதில்லை, ஆனா மார்க்கெட்ல இருக்கறவன் சமன்பாட்டை படிச்சுட்டுதான் வர்றான், படிச்சதை செய்யறான், அவன் செய்யறதும் விலைக்குள்ள போய் சேருது. அந்த நாளுக்கு அப்புறம் கீழ் ஸ்ட்ரைக் புட் எல்லாம் விலை கூடிடுச்சு, இன்னிவரைக்கும் இறங்கல. நீங்க "நிறைய விலை"ன்னு பார்க்கறது அதைத்தான். அது மார்க்கெட் பண்ற தப்பு இல்லை, உங்க மாடல்ல இல்லாத ஒரு நாளுக்கு ஆளுங்க கட்டற பிரீமியம். அதை வித்தீங்கன்னா வாராவாரம் சின்னதா காசு வரும், கோடு சரிதான்னு நம்பிக்கையும் வரும், அப்புறம் ஒரு காலைல கேப் டவுன்ல, நேத்து முடிஞ்ச விலைக்கு ரொம்ப கீழே, திறக்கும், நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே ஸ்டாப் லாஸ் போட்ட விலையே ஸ்க்ரீன்ல வராது.

பங்குச்சந்தையை கட்டுப்படுத்தற செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. 3 நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்) பண்ண 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், சராசரி ஆளுக்கு சுமார் 2 லட்சம். உங்க டியூஷன் காசும் சரியா அவ்வளவுதான், படிச்சப்போ எனக்கு மனசு கேக்கல, அதான் ராத்திரியே உட்கார்ந்து எழுதறேன்.

இந்தத் துறையை விட்டுடுங்கன்னு சொல்லல. வாலட்டிலிட்டி மாறிக்கிட்டே இருக்கற ஹெஸ்டன் மாடல் 1993லருந்து இருக்கு, அதே மாதிரி நெனவு வெச்சிருக்கற கார்ச் மாடல் இருக்கு, ரெண்டையும் கோடு பண்ணிப் பாருங்க, இயற்பியல் படிச்ச கைக்கு நல்லா வரும். 2020 மார்ச்சுக்கு முன்னாடி டேட்டாவை மட்டும் கொடுத்து மாடலை பொருத்திட்டு, அந்த மார்ச்சுல உங்க புட் விக்கற திட்டம் என்ன ஆகியிருக்கும்னு காகிதத்துல ஓட்டுங்க. முதல்ல அந்த ரெண்டு படத்தையும் வரைஞ்சு அனுப்புங்க, கலைக்காதது மேலே, கலைச்சது கீழே. வீட்லயும் சொல்லிடுங்க.