பித்தப்பைக் கல்: ஒரு துளையா, நாலு துளையா?

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தொப்புளில் ஒரே துளை போட்டு எடுத்தால் தழும்பே தெரியாதாமே, நல்லதா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தழும்பு மறையும், உண்மைதான். ஆனால் எல்லாக் கருவியும் ஒரே வாசல் வழியே போவதால் ஒன்றோடொன்று முட்டும். தொப்புள் வெட்டும் பெரிதாவதால் பிற்பாடு அங்கே குடலிறக்கம் வரும் வாய்ப்பு கூடுதல். வழக்கமான நாலு துளையில் பெரியதே 10 மி.மீ. சுமார்தான், சிறியது 5. அதுவே போதும் என்பேன். வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால் ஓரிரு நாள் தோள் வலிக்கும், மெல்ல நடக்கவிடுங்கள். வீக்கத்தில் பித்தப்பையின் நாளம் தெளிவாகத் தெரியாவிட்டால், பொது நாளத்தை (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகும் முக்கியக் குழாய்) தவறி வெட்டிவிடாதிருக்க, பாதியில் வயிற்றைத் திறப்பதும் உண்டு. சம்மதப் படிவத்தில் அந்த வரியைப் பார்த்து மிரளாதீர்கள். வீடு திரும்பியபின் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.