இருபது நிமிடப் போட்டிக்கு ஒரு முழு நாளா?

கேள்வி: லண்டனிலுள்ள மகள், பங்குனிக் கடைசியில் எங்களை அங்கே வரச் சொல்லியிருக்கிறாள். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டிக்கு ஒரு நாளை ஒதுக்கும்படி மருமகன் சொல்கிறார். போட்டி இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுமாம். அதற்கு ஒரு நாள் முழுவதும் வேண்டுமா? எங்கே நின்று பார்ப்பது நல்லது?
– ஓய்வுபெற்ற கடற்றொழிலாளர் ஒருவர், சிலாவத்தை, முல்லைத்தீவு.

பதில்: கட்டாயம் ஒதுக்குங்கள், ஐயா. கடலுக்குப் போய்வந்த உங்களுக்கு அங்கே மற்றவர்களைவிடப் பார்க்கக் கூடுதலாகவே இருக்கிறது. 1927இல் தொடங்கிய பெண்களின் போட்டி, 2015 முதல் ஆண்களின் போட்டி நடக்கும் அதே நாளில் அதே பாதையில் நடக்கிறது. இரண்டாம் அணிகளின் போட்டிகளும் உண்டு. ஆகவே, இருபது நிமிடம் என்ற கணக்கே சரியல்ல. அனுமதிச் சீட்டும் தேவையில்லை.

முதற் போட்டி 1829இல் ஹென்லி என்ற ஊரில் நடந்தது. தேம்ஸ் நதியில் பட்னியிலிருந்து மோட்லேக் வரையான, ஏறக்குறைய 6.8 கிலோமீற்றர் நீளமுள்ள இன்றைய பாதைக்கு அது 1845இல் வந்தது. தொடங்கும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைக் கவனித்தால், அந்த நேரத்தைக் குறிப்பது வற்றுப்பெருக்குத்தான் என்பது விளங்கும். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வருவதில்லை. லண்டனிலோ அது ஏழு மீற்றர் வரை போகும். பெருக்கு உச்சத்தை அடைவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு முன் படகுகளை விடுகிறார்கள். கடலை நோக்கி ஓடவேண்டிய நதி பின்னோக்கி ஏறிக்கொண்டிருக்க, அந்த நீரோட்டத்தோடு அவை மேலே போகின்றன.

மழைக்காலத்தில் வட்டுவாகல் முகத்துவாரத்தை வெட்டிவிடும்போது, நடுவில் நீர் இழுத்துக்கொண்டு ஓடுவதையும் ஓரத்தில் தயங்கி நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். தேம்ஸிலும் ஆழமான நடு ஓட்டத்தில்தான் வேகம் இருக்கிறது. இரண்டு படகுகளும் அந்த ஒரே ஓட்டத்துக்காக நெருங்குவதால்தான் துடுப்போடு துடுப்பு உரசும் நிலை வருகிறது. பின்னால் விசைப்படகில் வரும் நடுவர் வெள்ளைக் கொடியை உயர்த்தி, விலகவேண்டிய அணியின் பெயரைச் சொல்லி எச்சரிப்பார். துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டியே இருக்கிறார்கள். முன்னே பார்ப்பவர் சுக்கான் பிடிக்கும் ஒருவர் மட்டுமே. எல்லாரும் அந்த எட்டுப் பேரின் தோள்களைப் பார்ப்பார்கள். நீங்கள் சுக்கான்காரரைப் பாருங்கள்; அவர் எந்த நீரைத் தேடிப் போகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் பார்த்தது ஹாமர்ஸ்மித் பாலத்துக்குச் சற்றுக் கீழே நின்றுதான். போய்ச் சேர்ந்தபோது, படித்துறையில் சேறு படிந்த பன்னிரண்டு படிகளை எண்ணினேன். படகுகள் வரும்போது நான்குதான் மிஞ்சியிருந்தன. முதலில் கீழ்ப்பக்கத்துக் கரையிலிருந்து ஆரவாரம் நகர்ந்து நகர்ந்து வந்தது. பிறகு எட்டுத் துடுப்புகளும் ஒருமித்து நீரில் இறங்கும் அந்த ஒற்றை ஓசை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாலத்தின் அடியால் போய்விட்டார்கள். அதன்பின் வந்த விசைப்படகுகளின் அலை, மிஞ்சியிருந்தவற்றில் கீழ்ப்படியையும் நனைத்தது.

உங்களுக்கும் அந்த இடத்தையே சொல்வேன். அங்கிருந்து தொடங்கும் நீண்ட வளைவின் உட்பக்கம் தென்கரைப் படகுக்குக் கிடைக்கிறது. முதல் வளைவும் கடைசி வளைவும் வடகரைப் படகுக்கு வாய்ப்பானவை. அதனால்தான் நாணயம் சுண்டிவிட்டு, வென்ற அணியிடம் எந்தக் கரைப் பக்கம் வேண்டும் என்று கேட்கிறார்கள். பட்னியில் நின்றால் புறப்படுவதை மட்டும் காணலாம். முடிவைக் காண விரும்பினால் சிஸ்விக் பாலத்தடிக்குப் போகவேண்டும்.

பெருக்குக்கு எதிராகக் காற்று அடித்தால் அலை எழும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1912இல் அவ்வாறான காற்றில் இரண்டு படகுகளும் நீர் புகுந்து மூழ்கியதால், போட்டியை இன்னொரு நாளில் நடத்தவேண்டி வந்தது. கரையில் நிற்பவருக்கும் அந்தக் காற்று கடுமையாகவே குளிரும். தடித்த மேலங்கியும் காதை மூடும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள்.

போட்டி முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக நீர் ஏறிக்கொண்டேயிருக்கும். சில இடங்களில் கரையோரப் பாதையே மூழ்கிவிடும். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போவதாக இருந்தால், தொடக்கத்திலேயே மேட்டுப் பக்கமாக இடம் பிடித்துவிடுங்கள்.