ஆதாம் செய்த பாவத்துக்கு இன்று பிறக்கும் குழந்தை எப்படிப் பொறுப்பாகும்? ஜென்ம பாவம் என்ற கோட்பாடு நியாயமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: யாரோ ஒருவர் என்றோ ஒரு பழத்தைத் தின்றார், அதற்காகக் கண்கூடத் திறக்காத குழந்தையைப் பாவி என்பது என்ன நியாயம்? கிறிஸ்தவர்கள் இதை மனதார நம்புகிறீர்களா? அப்படியென்றால் உங்கள் குழந்தைக்கு எதற்காக ஞானஸ்நானம் கொடுக்கிறீர்கள்?

நான் கிறிஸ்தவன். இதே கேள்வியைப் பத்து வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டு, 'அதிகப்பிரசங்கி' என்று பெயர் வாங்கியவன். முறையாக இறையியல் படித்ததில்லை. கேள்வி விடாததால் வாசித்தேன், அவ்வளவுதான்.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல். 'ஜென்ம பாவம்' என்றதும் போன ஜென்மம், முன்வினை எல்லாம் நம் காதில் சேர்ந்து ஒலிக்கிறது. கோட்பாடு சொல்வது அதுவல்ல. வினைக் கணக்கில் விதைத்ததும் அறுப்பதும் ஒரே உயிர், உடம்புதான் வேறு. இங்கே விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் இன்னொருவர். ஆகவே உங்கள் ஆட்சேபம் முன்வினையைவிட இதன்மேல்தான் பலமாக விழுகிறது. கத்தோலிக்கர்கள் இப்போது 'பிறப்புநிலைப் பாவம்' என்கிறார்கள். அது கொஞ்சம் தேவலை. செயலை விட்டு நிலையைப் பேசுகிறது.

சரி, வேதத்தில் இது எங்கே இருக்கிறது? எல்லாரும் வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 3ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். கடவுள் விலக்கிய பழத்தை முதல் மனிதன் ஆதாம் தின்ற கதை அங்கேதான். திறந்து பாருங்கள், 'பாவம்' என்ற சொல்லே அந்த அதிகாரத்தில் கிடையாது. (ஆப்பிளும் கிடையாது. அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.) அந்தச் சொல் முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், ஆதாமின் மகன் காயீன் தம்பியைக் கொல்வதற்குச் சற்று முன்னால்: "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." வாசலில் படுத்திருக்கிற மிருகம் போல. ரத்தத்தில் ஓடுகிறது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

யூதர்களும் காலங்காலமாக இதே அதிகாரத்தை வாசிக்கிறார்கள். அவர்கள் இதிலிருந்து பரம்பரைக் குற்றம் என்ற முடிவுக்கு வரவில்லை. மனிதனுக்குள் நல்ல நாட்டம் ஒன்று, கெட்ட நாட்டம் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அவன் போராடுகிறான் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இஸ்லாமும் ஆதாமின் கதையைச் சொல்கிறது. அங்கே அவர் மனம் வருந்தி மன்னிப்புப் பெற்றுவிடுகிறார், விஷயம் முடிந்தது. பழைய ஏற்பாட்டிலேயே எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் உங்கள் பக்கம் நிற்கிறது. பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று ஜனங்கள் ஒரு பழமொழி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இனி அதைச் சொல்லாதீர்கள் என்கிறார் கடவுள். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது.

பிறகு எப்படி வந்தது? ஆரம்ப காலக் கிறிஸ்தவப் போதகரான பவுல் ரோமருக்கு எழுதிய நிருபம் (கடிதம்), 5ஆம் அதிகாரம் 12ஆம் வசனம். ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது, பாவத்தினாலே மரணம் வந்தது, "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்" மரணம் எல்லாருக்கும் வந்தது என்கிறார். அந்தச் 'செய்தபடியால்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு கிரேக்க மூலத்தை ஒட்டிப் போகிறது: அவரவர் செய்தார்கள், அதனால் அவரவர் சாகிறார்கள். ஆனால் லத்தீனில் அந்த இடம் 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று பொருள்படும்படி அமைந்துவிட்டது. அவன் என்றால் ஆதாம். அதாவது ஆதாம் கை நீட்டியபோது நாம் எல்லாரும் அவனுக்குள் இருந்து சேர்ந்தே நீட்டினோம். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள ஹிப்போவின் ஆயராக இருந்த அகஸ்டின் (354-430) படித்தது அந்த லத்தீன். கிரேக்கம் அவருக்கு அவ்வளவாக வராது.

மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்த கோட்பாடு என்று இதைத் தள்ளிவிடச் சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஏழு வசனம் தாண்டினால் அதே பவுல், ஒரே மனுஷனுடைய கீழ்ப்படியாமையினாலே அநேகர் பாவிகளாக்கப்பட்டார்கள் என்கிறார். கூடவே, அதேபோல ஒருவருடைய கீழ்ப்படிதலினால் அநேகர் நீதிமான்களாக்கப்படுவார்கள் என்றும் சொல்கிறார். கோட்பாட்டை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இதுதான். ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் வரக் கூடாது என்றால், கிறிஸ்து செய்ததும் உன் கணக்கில் வராதே, அது மட்டும் இனிக்கிறதா என்று கேட்கிறார்கள். எனக்கு இன்றுவரை இதற்குத் திருப்தியான பதில் இல்லை. பரிசைத் தலையில் கட்டுவதும் தண்டனையைத் தலையில் கட்டுவதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்வேன்.

அகஸ்டினை எதிர்த்தவர் பெலாஜியஸ், பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி. "நீர் கட்டளையிடுவதை நீரே தாரும்" என்ற பொருளில் அகஸ்டின் எழுதிய ஒரு ஜெபத்தைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்ததாம். எல்லாவற்றையும் அவரே தருவதானால் நீ எதற்கு இருக்கிறாய் என்கிற கோபம். 'நாங்கள் பலவீனர்கள்' என்று சொல்லியே சுகமாக வாழ்ந்த கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சலித்தவர் அவர். ஆதாம் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான், நல்லது செய்யும் சக்தி எல்லாருக்கும் இருக்கிறது என்றார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் அவருடைய போதனையைக் கண்டித்தார்கள். என் மனம் முதலில் பெலாஜியஸ் பக்கம்தான் சாய்ந்தது. உழைத்தால் ஜெயிக்கலாம் என்பவரை யாருக்குத்தான் பிடிக்காது?

என்னை இழுத்து நிறுத்தியது ஒரு பேரிக்காய் மரம். பதினாறு வயதில் நண்பர்களோடு இரவில் போய்ப் பேரிக்காய் திருடியதை அகஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது. திருடியதைப் பெரும்பாலும் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பின் எதற்குத் திருடினேன் என்று பக்கம் பக்கமாகக் குடைகிறார். கூடாது என்பதுதான் ருசி. தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறார். வாசித்தபோது எனக்கு உடம்பு கூசியது. நான் செய்த காரியங்களில் ரொம்ப அசிங்கமானவை எவை என்று யோசித்தால், எந்த லாபமும் இல்லாமல் செய்தவைதான். ஒருவரை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டியது. நண்பனின் தோல்வியைக் கேட்டபோது உள்ளே மெல்லியதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, முன்மாதிரியும் தேவைப்படவில்லை.

பவுலும் இதே நிருபத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி, நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று புலம்புகிறார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் இந்த நிருபத்தைப் பாடம் நடத்தும்போது, மனிதன் தன்னை நோக்கியே வளைந்துபோனவன் என்றார். கெட்டவன் என்று சொல்லவில்லை, வளைந்தவன் என்கிறார். தர்மம் செய்யும்போதுகூட யார் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பது அந்த வளைவு.

ஆக, இந்தக் கோட்பாட்டுக்குள் இரண்டு சரக்கு ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஒன்று, மனித இயல்பு பிறப்பிலிருந்தே ஏதோ ஒரு விதத்தில் சேதப்பட்டிருக்கிறது என்பது. இன்னொன்று, அந்தச் சேதத்துக்கு நீ குற்றவாளி என்பது. முதலாவதை நான் நம்புகிறேன். நம்பிக்கை என்றுகூடச் சொல்ல வேண்டாம், கண்ணால் பார்க்கிறேன். இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவதை விடாமல் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் முட்டும் என்பதற்கு அகஸ்டினே சாட்சி. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக லேசானது என்றார். பின்னால் வந்தவர்களுக்கு அது தாங்கவில்லை. லிம்போ என்று வேதனை இல்லாத ஒரு ஓரத்தை யோசித்தார்கள். 2007இல் வாடிகனின் இறையியல் ஆணையம், அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன என்றது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்ல இத்தனை நூற்றாண்டு ஆனதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒரே மாதிரி நம்புவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. இல்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் 'மூதாதையர் பாவம்' என்பார்கள். நமக்கு வந்து சேர்ந்தது மரணமும் சீர்கேடும்தான், ஆதாமின் குற்றம் ஆதாமோடு போயிற்று என்பது அவர்கள் நிலை. கத்தோலிக்கரின் 1992ஆம் வருட மறைக்கல்வி நூல், இது நாம் செய்த பாவமல்ல, நமக்கு வந்து ஒட்டிய நிலை, 'பாவம்' என்ற சொல் இங்கே ஒப்புமையாகத்தான் பயன்படுகிறது என்கிறது. ஆதாம் செய்த குற்றமே சந்ததியின் கணக்கில் எழுதப்படுகிறது என்று வரிவரியாக வாதிடுபவர்கள் சீர்திருத்தச் சபைகளின் ஒரு பகுதியினர். நீங்கள் மோதியது அநேகமாக அவர்களோடுதான்.

சொத்தையெல்லாம் தோற்றுவிட்ட குடும்பத்தில் பிறக்கிற பிள்ளையை நினைத்துக்கொள்வேன். பிள்ளையை யாரும் தண்டிக்கவில்லை. ஆனால் வீடு இல்லை. கேட்டால் 'உங்கள் தாத்தா காலத்தில் இருந்தது' என்பார்கள். உவமை முழுசாகப் பொருந்தாது, சொத்து போனால் உழைத்துச் சம்பாதித்துவிடலாமே என்று பெலாஜியஸ் உள்ளே வந்துவிடுவார். இருந்தாலும் 'இல்லாமை' என்கிற அளவில் இது எனக்கு உதவுகிறது.

ஆதாம் என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா, பரிணாம வளர்ச்சியோடு இது எப்படிச் சேரும் என்று பின்னூட்டத்தில் வரும், எனக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள். அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு இடம். பழத்தைத் தின்றாயா என்று கடவுள் கேட்டதும், ஆதாம் நீர் தந்த ஸ்திரீ கொடுத்தாள் என்கிறார். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் மாட்டிவிட்டு, தந்தவரையும் மாட்டிவிடுகிறார். ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். என் மகனுக்கு இரண்டரை வயதில், உடைந்த கோப்பையின் பக்கத்தில் நின்றுகொண்டு, நடக்கவே தெரியாத தங்கையைக் காட்டி 'பாப்பா' என்றான். நான் சிரித்துவிட்டேன். அன்று மாலையே அலுவலகத்தில் நழுவிப்போன ஒரு வேலைக்கு, விடுப்பில் இருந்தவரின் பெயரைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன்.

ஞானஸ்நானம் பற்றிக் கேட்டீர்கள். ஆம், அவனுக்கும் கொடுத்தோம். நரகத்துக்குப் பயந்து அல்ல. இந்த வளைவு உனக்கும் உண்டு, அதைத் தனியாக நிமிர்த்த வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, நாங்கள் இருக்கிறோம், எங்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று சபையாகச் சேர்ந்து சொல்வதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் போதகர் இதை ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பார்க்கவில்லை. ஜென்ம பாவம் என்ற சொல் அன்று வாசிக்கப்பட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டான். பின்வரிசையில் ஒரு பாட்டி, "ஐயோ பாவம்" என்றார்.