மேடு ஏறி இறங்குகிறவர்களுக்கும் நடைப்பயிற்சியா?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: கிளினிக்குக்கு வரும் சீனி, பிரஷர்காரர்களிடம் "தினமும் அரை மணித்தியாலம் நடங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் "நாங்க நடக்காத நடையா, மிஸ்?" என்று சிரிக்கிறார்கள். வேறெப்படிச் சொல்வது?
– தாதி உத்தியோகத்தர், பதுளை மாவட்டம்

பதில்: அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. "குளிசை போடுங்க" என்று மட்டும் எந்த டொக்டரும் எழுதிக் கொடுப்பதில்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதுகிறார். நடைக்கும் அந்த அளவு வேண்டும். நியூசிலாந்தில் 1998 முதல் டொக்டர்மார் உடற்பயிற்சியை மருந்துச் சீட்டு போலவே எழுதிக் கொடுக்கிறார்கள்.

முதலில் கேளுங்கள்: "நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தீங்க?" உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வேலைக்காக நடப்பதும் அதில் சேரும். தினமும் மலைக்கு ஏறி இறங்கும் ஒருவருக்கு நடைக் கணக்கு பெரும்பாலும் நிரம்பிவிடும். அவருக்குக் கழுத்தும் முதுகும்தான் பாடுபடுகின்றன. கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் இடுப்பில் கை வைத்து, மெதுவாகப் பின்னால் வளைந்து நிமிர்வதைப் பத்துத் தடவை செய்யச் சொல்லுங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

நீங்கள் தேட வேண்டியவர் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்துவிட்டவர், டவுன் கடையில் காலையிலிருந்து இரவுவரை கல்லாவில் இருப்பவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர். ஓய்வு பெற்ற அடுத்த நாளே நடை நின்றுவிடுகிறது, ரொட்டியின் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை.

அப்படிப்பட்டவரின் கிளினிக் கொப்பியில் இப்படி எழுதுங்கள்: "லயத்திலிருந்து கோயில்வரை, பின்னேரம் 4 மணி, 10 நிமிடம், வாரம் 5 நாள்." ஒவ்வொரு வாரமும் அந்த 10 நிமிடத்தோடு 5 நிமிடம் கூட்டலாம். அடுத்த கிளினிக்கில் பிரஷர் பார்ப்பதற்கு முன் "கோயில்வரை எத்தனை நாள் போனீங்க?" என்று கேளுங்கள். கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் நடப்பார்கள்.

வேகத்தை மூச்சு சொல்லும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மலையில் தூரத்தை வைத்து அளந்தால் ஏமாந்து போவோம். மேட்டு லயத்தில் இருப்பவர் உற்சாகமாக 15 நிமிடம் இறங்கிவிடுவார். திரும்பும் ஏற்றத்துக்கு அதைவிட அதிக நேரமாகும், அதுவும் களைத்த காலோடு. இறக்கத்தில் தொடைத் தசை பிரேக் போல வேலை செய்வதால், பழக்கமில்லாதவருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை பிடித்துக்கொள்ளும். "நடந்தேன், வருத்தம் வந்தது" என்று பலர் விட்டுவிடுவது அந்த மூன்றாம் நாளில்தான். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு 61 வயது. ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது முழங்கால் உயிர் போகிறது. நடக்காமல் இருப்பதுதானே நல்லது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இல்லை அம்மா. நடையை விட்டால் தொடைத் தசை மெலியும். அது தாங்க வேண்டிய பாரமும் முழங்காலின் தலையில் விழும். முதல் மூன்று வாரம் சரிவைத் தவிர்த்து, வீட்டிலேயே தொடையைப் பலப்படுத்துங்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து எழும்புங்கள், பிறகு மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். 5 முதல் 8 தடவை, சற்று இளைப்பாறி இன்னொரு முறை, ஒன்றுவிட்ட ஒரு நாள். முழங்கால்கள் உள்பக்கம் மடங்கக் கூடாது. முடியாவிட்டால் கையூன்றி எழும்பலாம். பொத்தென்று உட்காருவதுதான் பலரும் விடும் பிழை. அந்த மெதுவான இறக்கத்தில்தான் பலனே.

செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வலித்தாலோ வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழங்கால் சூடாகி வீங்கினால் டொக்டரிடம் காட்டுங்கள்.

பாதையில் இறங்கும்போது நோகாத பக்கத்துக் கையில் தடி பிடியுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். சரிவில் நேரே இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள்.

கேள்வி: விடியற்காலையில் வெறும் வயிற்றில் நடந்தால் சீனி நன்றாக இறங்கும் என்று நடக்கிறேன். சில நாள் கை நடுங்கி வியர்க்கிறது. கிளிக்ளசைட், மெட்ஃபோர்மின் என்ற சீனிக் குளிசைகள் இரண்டும் போடுகிறேன்.
– வாசகர், ஹட்டன்

பதில்: அது சீனி அளவுக்கு மேல் இறங்குவதன் அறிகுறி. மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் அப்படி ஆவது அரிது, கிளிக்ளசைட் இறக்கிவிடும். நடுங்கினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். முதலிலேயே பிஸ்கட், சொக்லட் தின்றால் சீனி மெதுவாகத்தான் ஏறும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாமல் இதை கிளினிக்கில் சொல்லுங்கள். அளவை மாற்றுவது அவர்கள் வேலை.

நடையைச் சாப்பாட்டுக்குப் பின் வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிடம் நடந்தாலே சீனி ஏறுவது மட்டுப்படும். உங்கள் பக்கத்து விடியற்குளிர் நெஞ்சு நோய், பிரஷர் உள்ளவர்களுக்கும் நல்லதல்ல. வெயில் ஏறட்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ உட்கார்ந்துவிடுங்கள், அதற்கும் 1990தான்.

வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சப்பாத்து போடுமுன் உள்ளே கை விட்டுப் பாருங்கள், வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கல் குத்தினாலும் தெரியாது, அட்டை கடித்தாலும் தெரியாது. ஆறாத புண் இருந்தால், அது ஆறும்வரை நடைக்கு விடுமுறை.

கேள்வி: ஆடி மழையில் எங்கே நடப்பது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: இஸ்தோப்பிலேயே. நின்ற இடத்தில் முழங்காலை, அதற்கும் இடுப்புக்கும் நடுவரையாவது தூக்கி, கைகளை வீசி நடங்கள். ஒரே மூச்சில் 30 நிமிடம் தேவையில்லை; சோறு வேகும்போது ஐந்து, பிள்ளைகள் பாடம் படிக்கும்போது பத்து என்று பிரித்தாலும் கணக்கில் சேரும். சாரல் அடித்து ஈரமான சீமெந்துத் தரை வழுக்கும், ஒரு சாக்கைப் போட்டால் அதுவும் நழுவும். துடைத்துவிட்டு நடங்கள்.